கூலியும் உரிமையும்

இசைத் தயாரிப்பு தெரிந்தவர் சம்பாதிக்க வழிகள் பல உண்டு. அவை எல்லாம் கடைசியில் இரண்டே கணக்கில் போய்ச் சேர்கின்றன.

ஏ.ஆர்.ரஹ்மான் இசையமைத்த ‘ரோஜா’ 1992-ல் வெளிவந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 1989-ல், கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ‘பஞ்சதன் ரெக்கார்டு இன்’ ஒலிப்பதிவுக் கூடத்தை அவர் தொடங்கியிருந்தார். நடுவில் இருந்த காலத்தில் அவர் செய்துகொண்டிருந்தவை விளம்பர ஜிங்கிள்கள். அரை நிமிடத்துக்குள் மெட்டு, ஓசை, பொருளின் பெயர் மூன்றும் கேட்பவர் காதில் தங்க வேண்டும். சொன்ன நாளில் வேலை கைமாற வேண்டும். பணம் வரும், பெயர் வராது. ‘ரோஜா’ பாடல்களை இன்றும் முணுமுணுப்பவர்களில் அந்த ஜிங்கிள்களை நினைவில் வைத்திருப்பவர்கள் மிகச் சிலரே. ஆனால் பாட்டுக்கு முன்னால் கூடம் வந்தது. கூடத்தில் முதலில் நடந்தது கூலி வேலை. இசைத் தயாரிப்பைத் தொழிலாக எடுக்க நினைக்கும் ஒவ்வொருவரும் மனதில் நிறுத்த வேண்டிய வரிசை இது.

இப்போது கூடம் கட்டத் தனி இடம்கூட வேண்டியதில்லை. மடிக்கணினி, ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு மைக், நல்ல ஹெட்ஃபோன் இருந்தால் படுக்கையறையே ஸ்டூடியோ. ஆப்பிள் கணினியில் கராஜ்பேண்ட் இலவசம், ரீப்பர் மென்பொருளின் தனிநபர் உரிமம் 60 டாலர், எஃப்.எல். ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் அடுத்தடுத்த பதிப்புகளுக்குப் பணம் கேட்பதில்லை. கருவி மலிந்ததும் கற்றவர்கள் பெருகினார்கள். கற்றவர்கள் பெருகியதும் ‘இதை வைத்து எப்படிச் சம்பாதிப்பது?’ என்ற கேள்வியும் பெருகியது. பீட் விற்கலாம், மிக்ஸிங் செய்யலாம், வகுப்பு எடுக்கலாம், யூடியூபில் போடலாம் என்று வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒரு பட்டியலாக இருக்கிறது. பட்டியலில் பிழை இல்லை. ஆனால் பட்டியல் தொழில் ஆகாது. வழி எதுவானாலும் வருமானம் இரண்டு வகைதான். செய்து கொடுத்த வேலைக்கு அப்போதே கிடைப்பது கூலி. செய்த படைப்பு பயன்படும்போதெல்லாம் கிடைப்பது உரிமைத் தொகை. தென்னங்கன்று நட்டவர் ஊடுபயிராக வாழை வைப்பது எதற்காக? தென்னை காய்க்கும்வரை வாழை வீட்டைக் காக்கும். வாழையை மட்டுமே நம்புபவர் தொடர்ந்து உழைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தென்னையை மட்டுமே நம்புபவர் முதல் குலை வரும் முன்பே நிலத்தை விற்றுவிடுவார். நம் இளம் இசைத் தயாரிப்பாளர்கள் இழப்பதும் இந்த இரண்டு இடங்களில்தான். கூலியாக உடனே கிடைக்கக்கூடியதை ஸ்ட்ரீமிங்கிலிருந்து எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள். உரிமையாக வைத்துக்கொள்ள வேண்டியதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

கேட்பு எண்ணிக்கையும் கைக்கு வரும் பணமும்

முதலில் அந்தக் காத்திருப்பைப் பார்ப்போம். 2024-ல் உலக ஒலிப்பதிவு இசைத் துறையின் வருவாய் 2,960 கோடி டாலர் என்று அத்துறையின் சர்வதேச அமைப்பான ஐ.எஃப்.பி.ஐ. கணக்கிட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஸ்ட்ரீமிங்கில் வந்தது. இவ்வளவு பெரிய ஆற்றில் நமக்கு ஒரு குடம் கிடைக்காதா என்று தோன்றுவது இயல்பு. ஆனால் தண்ணீரைப் பங்கிடும் முறையைப் பார்க்க வேண்டும். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று விலை வைப்பதில்லை. சந்தாவிலும் விளம்பரத்திலும் வந்த பணத்தைத் திரட்டி, மொத்தக் கேட்பில் எந்த உரிமையாளருக்கு எத்தனை பங்கு என்று பார்த்துப் பிரிக்கின்றன. சந்தா மலிவாகவும் இலவசமாகக் கேட்பவர்கள் மிகுந்தும் இருக்கும் இந்தியாவில் ஒரு லட்சம் கேட்புக்கு வரும் தொகை, அமெரிக்காவில் அதே எண்ணிக்கைக்கு வருவதைவிட மிகக் குறைவு. 2024 முதல் ஸ்பாட்டிஃபை இன்னொரு வேலியையும் போட்டிருக்கிறது: முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவுத் தொகையில் பங்கு கிடையாது. யூடியூபில் விளம்பரப் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களோடு, ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையோ 90 நாட்களில் ஒரு கோடி ஷார்ட்ஸ் பார்வையோ வேண்டும். இலவசக் கேட்பை நம்பிய நிறுவனங்களே இங்கே தாக்குப்பிடிக்கவில்லை. கானா 2022-ல் சந்தாதாரர்களுக்கு மட்டும் என்று மாறியது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் நின்றது. அதே ஆண்டில் விங்க் மியூசிக்கும் மூடப்பட்டது.

‘அப்படியானால் ‘என்ஜாய் எஞ்சாமி’ எப்படி வென்றது?’ என்று கேட்கலாம். 2021-ல் வந்த அந்தப் பாடல் சினிமாவுக்கு வெளியே தமிழ்ப் பாட்டு எவ்வளவு தூரம் போக முடியும் என்பதை உலகுக்குக் காட்டியது உண்மை. ஆனால் மூன்று ஆண்டுகள் கழித்து, 2024-ல், அதைப் படைத்த தங்களில் ஒருவருக்கும் அதிலிருந்து வருமானம் வரவில்லை என்று அதன் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் அதற்கு வேறு விளக்கம் தந்தது. அந்தப் பிணக்கின் சரி தவறு எதுவானாலும், கோடிக்கணக்கில் பார்வை இருந்தும் பணம் யாருக்கு எவ்வளவு என்ற கேள்வி எழுந்ததே நமக்குப் பாடம். எத்தனை பேர் கேட்டார்கள் என்பதைவிட யாரிடம் எந்த உரிமை எழுத்தில் இருக்கிறது என்பதுதான் பணத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே பாடல் வெளியிடுங்கள், கட்டாயம் வெளியிடுங்கள். அதை உங்கள் கடையின் பெயர்ப் பலகையாக எண்ணி வெளியிடுங்கள். மாத வாடகையை அதன் தலையில் சுமத்தாதீர்கள். பழைய சினிமாப் பாடல்களைக் கவர் பாடி வெளியிடுவோருக்கும் இது பொருந்தும். மூலப் பாட்டின் உரிமையாளர் யூடியூபில் உரிமை கோரினால் விளம்பரப் பணம் அவர் பக்கம் போய்விடும். உங்கள் திறமை வெளியே தெரியும், அதோடு நில்லுங்கள்.

காதுக்குக் காத்திருக்கும் வேலைகள்

வாடகையைத் தரக்கூடியது சேவை வேலை. சினிமாவில் வாய்ப்பு என்ற ஒற்றை வாசலையே பார்த்துக்கொண்டிருப்பதால் பக்கத்தில் திறந்திருக்கும் பத்து வாசல்கள் கண்ணில் படுவதில்லை. தமிழில் ஒலி இன்று எங்கெல்லாம் தேவைப்படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஊர்க் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் பக்திப் பாடல் ஆல்பம், தேர்தல் காலப் பிரசாரப் பாட்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு கரோக்கி, குறும்படத்துக்குப் பின்னணி இசை, நகைக்கடைக்கும் ஜவுளிக்கடைக்கும் ஜிங்கிள், பாட்காஸ்ட், ஒலிநூல், வெப் சீரிஸ் டப்பிங், இணையத்தில் பாட்டு வகுப்பு எடுக்கும் ஆசிரியருக்கு ஒழுங்கான ஒலி அமைப்பு. இவற்றில் பலவற்றுக்கு மெட்டுப் போடும் திறமைகூட வேண்டாம். தேய்ந்த குரலைத் துலக்கவும் இரைச்சலை நீக்கவும் தெரிந்த காது வேண்டும். ஒலிநூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.எக்ஸ். தளம் வகுத்த அளவுப்படி சராசரி ஒலி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18-க்கும் இடைப்பட்ட டெசிபெலில் இருக்க வேண்டும். உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டக் கூடாது. பேச்சில்லாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே இருக்க வேண்டும். மின்விசிறி சுழல, தெருவில் ஆட்டோ ஹாரன் அலற, மே மாதச் சென்னையில் ஒரு குரலைப் பதிந்து மைனஸ் 60-ஐத் தொடுவது எளிதான வேலை இல்லை. நெட்ஃபிளிக்ஸுக்கு அனுப்பும் ஒலிக்கலவை, உரையாடலை அளவாகக் கொண்டு மைனஸ் 27-ஐ ஒட்டி நிற்க வேண்டும். இரண்டு புள்ளி கூடக் குறைய இருக்கலாம், அதற்கு மேல் விலகினால் திரும்பி வரும். இந்த எண்களை மனப்பாடமாகவும் கைப்பழக்கமாகவும் வைத்திருப்பவரைத் தேடித்தான் வேலை வரும்.

இதிலும் தமிழ் தெரிந்த காதுக்கு மட்டும் கிடைக்கும் சந்தை ஒன்று உண்டு. டொராண்டோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் பரதநாட்டிய மேடைகள் இருக்கின்றன. பாடகர், நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின் என்று முழுக் குழுவையும் விமானத்தில் அழைக்க எல்லோராலும் முடியாது. அவர்களுக்கு அலாரிப்பு முதல் தில்லானா வரை பதிவு செய்த மார்க்கம் தேவை. பிறகு அதில் வரும் வர்ணத்தில் ஒரு ஜதியை நீட்டவோ குறைக்கவோ ஆள் தேவை. வெட்டி ஒட்டிய இடத்தில் எடுப்பு அரை இடம் தள்ளிப் போயிருந்தால் மென்பொருள் எச்சரிக்காது. தாளம் தெரிந்த காதுதான் எச்சரிக்கும். நாகஸ்வரத்துக்கு மைக் எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், தவிலின் தொப்பிப் பக்கம் வலந்தலையில் மூழ்காமல் எப்படிப் பதிய வேண்டும் என்பதும் இப்படிப்பட்ட அறிவே. உலகம் முழுக்க எல்லோரும் செய்யும் ட்ராப் பீட்டை நாமும் செய்து உலகம் முழுக்கப் போட்டியிடுவதைவிட, நாம் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடியதைச் செய்தால் விலை நம் கையில் இருக்கும்.

விலை என்றதும் ஒரு வார்த்தை. இந்தத் தொழிலில் நஷ்டம் பெரும்பாலும் குறைந்த கூலியால் வருவதில்லை. ‘ஒரே ஒரு கரெக்‌ஷன்’ என்று தொடங்கிப் பதினைந்தாவது கரெக்‌ஷனில் போய் நிற்பதால் வருகிறது. பாதித் தொகை முன்பணம், இத்தனை திருத்தம் வரை இந்த விலையும் அதற்கு மேல் தனி விலையும், தனித்தனித் தடங்களான ஸ்டெம் கோப்புகள் வேண்டுமென்றால் அதற்கு இவ்வளவு, முழுப் பணமும் வந்த பிறகே வாட்டர்மார்க் இல்லாத மாஸ்டர் என்ற நான்கு வரிகளை வேலைக்கு முன்பே எழுதி அனுப்புவது கறார்த்தனம் ஆகாது. வாடிக்கையாளரும் தன் செலவை முன்கூட்டி அறிகிறார். தையல்காரர் அளவெடுக்கும்போதே கூலி சொல்வதில் நமக்கு மனத்தாங்கல் வருவதில்லையே.

சட்டத்தில் இல்லாத பெயர்

இனி தென்னை, அதாவது உரிமைத் தொகை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் வந்தது. 1977-ல் உச்ச நீதிமன்றம், இசைப் படைப்பாளிகளின் உரிமைத் தொகையை வசூலிக்கும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் வழக்கில் அளித்த தீர்ப்பு, படத்துக்காகக் கேட்டு வாங்கிய இசைக்கு வேறு ஒப்பந்தம் இல்லாதவரை படத் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர் என்றது. 35 ஆண்டுகள் அந்த நிலையில்தான் நம் இசையமைப்பாளர்களும் பாடலாசிரியர்களும் வாழ்ந்தார்கள். 2012-ல் வந்த திருத்தம் அதை மாற்றியது. அதற்காக மாநிலங்களவையில் குரல் கொடுத்தவர் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர். திருத்தத்துக்குப் பிறகு, உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் உரிமைத் தொகையில் சரிபாதி பெறும் உரிமையை இசையமைப்பாளரோ பாடலாசிரியரோ நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே மாற்றலாம். படம் திரையரங்கில் ஓடுவதற்கு இது பொருந்தாது. வானொலி, தொலைக்காட்சி, இணையம், கச்சேரி போன்றவற்றுக்குப் பொருந்தும். சினிமாவில் சேராத தனிப் பாடலுக்கும் இதே பாதுகாப்பு உண்டு. பாடகருக்கும் வாத்தியக் கலைஞருக்கும் தங்கள் நிகழ்த்துதல் வணிகமாகப் பயன்படும்போது பங்கு உண்டு.

ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் மனிதர் இந்தச் சட்டத்தில் எங்கே இருக்கிறார்? கணினி முன் அமர்ந்து ட்ரம்ஸ் ப்ரோகிராம் செய்து, பேஸ் லைன் போட்டு, குரலைப் பதிந்து, கலந்து, பாட்டுக்கு அதன் ஒலியையே தருபவரை உலகம் மியூசிக் ப்ரொட்யூசர் என்கிறது; கோடம்பாக்கம் ப்ரோகிராமர் என்கிறது. சட்டம் இவரைத் தனியாக அறியாது. சட்டத்தில் ஒலிப்பதிவின் ‘தயாரிப்பாளர்’ என்றால் அதை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். பெரும்பாலும் அது பணம் போட்ட நிறுவனம். ஆகவே பிறருக்காக வேலை செய்யும் ப்ரோகிராமருக்கு உரிமை தானாக வந்து சேராது. மூன்று கதவுகளில் ஒன்றின் வழியே கேட்டு வாங்க வேண்டும். மெட்டிலோ இசைக்கோர்வையிலோ படைப்புப் பங்கு இருந்தால் இணை இசையமைப்பாளர் என்ற பெயர். வாசித்த பகுதிக்கு நிகழ்த்துக் கலைஞர் என்ற பெயர். இரண்டும் இல்லையென்றால் ஒலிப்பதிவு வருவாயில் ஒப்பந்தப்படி ஒரு விழுக்காடு. தானே மெட்டுப் போட்டு, தானே வாசித்து, தன் செலவில் பதிந்து வெளியிடுபவருக்கு மூன்று கதவுகளும் சொந்தம். அவர் செய்ய வேண்டியது பாடல் விவரங்களைச் சரியாகப் பதிவு செய்வதும் ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பில் உறுப்பினராவதும்தான்.

எழுத்தில் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்கு ‘ஓல்டு டவுன் ரோடு’ சாட்சி. யங்கியோ என்ற டச்சு இளைஞர் தான் செய்த பீட்டை இணையச் சந்தையில் வைத்திருந்தார். யாருக்கும் தெரியாதிருந்த லில் நாஸ் எக்ஸ் அதை 30 டாலருக்குக் குத்தகை உரிமமாக வாங்கினார். 2019-ல் அந்தப் பாட்டு பில்போர்டு பட்டியலில் 19 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. 30 டாலர் பயன்படுத்தும் அனுமதிக்கான விலைதான், படைப்பு கைமாறவில்லை. அதனால் பாட்டு வளர்ந்தபோது யங்கியோவின் பெயரும் ஆக்கியோர் பட்டியலில் வளர்ந்தது. அதே கதையின் மறுபக்கமும் முக்கியம். அந்த பீட்டில் அவர் எடுத்தாண்டிருந்தது நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ஒரு துணுக்கு. அதை ஆக்கிய டிரென்ட் ரெஸ்னர், ஆட்டிகஸ் ராஸ் இருவரின் பெயரும் பட்டியலில் சேர்ந்தது. தன் உரிமையைக் கேட்பவர் பிறர் உரிமையையும் தர வேண்டும் என்பதே இதன் பொருள். நம் ஊரில் பறையும் உறுமியும் உடுக்கையும் பதிந்து சாம்பிள் தொகுப்பாக உலகச் சந்தையில் விற்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடித்த கலைஞருக்கு ஒருநாள் பேட்டா கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த ஒலியைக் காலமெல்லாம் விற்பது அநியாயம். அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், விற்பனையில் பங்கு கொடுங்கள். திரை இசைக் கலைஞர்களைச் சங்கமாகத் திரட்டிய எம்.பி.சீனிவாசனின் மண்ணில் இது புதிய கோரிக்கை ஆகாது.

இரண்டு மறுப்புகள்

‘புதிதாக வருபவன் ஒப்பந்தம் கேட்டால் அடுத்த ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்’ என்பது முதல் மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. பெரிய நிறுவனத்தின் முன் தனி ஆளுக்குப் பேரம் பேசும் வலிமை குறைவு. ஆனால் மௌனமாக இருப்பவரின் பக்கமே சட்டம் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பலர் அறிவதில்லை. பதிப்புரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். எல்லை குறிப்பிடவில்லையென்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், வேறு நிபந்தனை இல்லாத நிலையில், அது காலாவதியாகும். மாதச் சம்பளத்தில் வேலை பார்ப்பவருக்குக் கணக்கு வேறு. வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்கே சேரும். மற்றபடி, வெளிநிறுவனம் நீட்டும் காகிதத்தில் ‘என்றென்றும், உலகெங்கும், இனி வரப்போகும் எல்லா ஊடகத்திலும்’ என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திடும்போதுதான் இந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதியை நாமே கழற்றிப் போடுகிறோம். எல்லா வேலைக்கும் உரிமை கேட்கவும் வேண்டாம். நகைக்கடை ஜிங்கிளை நல்ல கூலிக்கு முழுதாகக் கொடுத்துவிடலாம். நாளை வேறு இடத்தில் வாழக்கூடிய மெட்டை வைத்துக்கொள்ள வேண்டும். எது வாழை, எது தென்னை என்று பார்த்து நடும் அறிவே பேரத்தின் முதல் வலிமை.

இரண்டாவது மறுப்பு செயற்கை நுண்ணறிவு. இதை லேசாக ஒதுக்க முடியாது. தன் தளத்துக்கு ஒரு நாளில் வந்து சேரும் பாடல்களில் 18 விழுக்காடு முழுக்க இயந்திரம் ஆக்கியவை என்று டீசர் என்ற ஸ்ட்ரீமிங் நிறுவனம் 2025 ஏப்ரலில் சொன்னது. 2028-க்குள் இசைப் படைப்பாளிகளின் வருமானத்தில் 24 விழுக்காடு ஆபத்துக்குள்ளாகும் என்று படைப்பாளர் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான சிசாக் 2024 இறுதியில் வெளியிட்ட ஆய்வு மதிப்பிட்டது. யாருக்கும் சொந்தமாகத் தோன்றாத பின்னணி இசை, எங்கும் ஒரே மாதிரி ஒலிக்கும் பீட் ஆகியவற்றின் விலை விழும், விழுந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் பாட்காஸ்ட் பேச்சாளரின் எதிரில் மைக் வைப்பதும், வர்ணத்தில் ஜதியை வெட்டுவதும், தவிலைப் பதிவதும் போன்ற, ஆளும் இடமும் சேர்ந்த வேலைகளின் பக்கம் நகர வேண்டும் என்கிறோம். உரிமையின் எடையும் இப்போது கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலுக்கு மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களை இயந்திரத்தின் வழியே ரஹ்மான் மீட்டெடுத்தபோது, குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய தொகையும் கொடுத்ததாகத் தெரிவித்தார். மனிதர் ஆக்காத படைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஓவியம் தொடர்பான வழக்கில், 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. இயந்திரத்தின் ஒலி மலிய மலிய, இது இன்ன மனிதர் செய்தது என்று காட்டும் காகிதத்துக்கு மதிப்பு ஏறும்.

ஆகவே இசைத் தயாரிப்பு கற்றுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவருக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். சேவை வேலையைத் தாழ்வாக நினைக்காதீர்கள். உங்களை நாளைய பாட்டு வரை உயிரோடு வைத்திருப்பது அது. கூலியை முன்பே பேசுங்கள். கூட வாசித்தவரின் பங்கை மறைக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு படைப்பாவது முழுக்க உங்கள் பெயரில் இருக்கட்டும். அடுத்த முறை ஒரு கோப்பை அனுப்பும் முன், அதோடு எதைக் கொடுக்கிறீர்கள், எதைக் கொடுக்கவில்லை, எவ்வளவு காலத்துக்கு, என்ன தொகைக்கு என்று ஒரே ஒரு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இசையமைப்பாளரின் உரிமை அவர் ஆயுள் முழுக்கவும், அதன் பின் 60 ஆண்டுகளும் வாழ்கிறது. அந்த ஒரு பக்கத்தைக் காட்டி உங்கள் பேரப்பிள்ளைகளும் உரிமைத் தொகை கேட்கலாம்.